அம்புலன்ஸில் ஏறப்போகும் பிள்ளைகளுக்கு

சில வருடங்களுக்கு முன்னர் வரை எமது கிராமங்களில் அம்புலன்ஸ் என்பது ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொரு வைத்தியசாலைக்கு நோயாளியை மாற்றும் வாகனமாகவே இருந்தது. வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் ஓட்டோவைப் பிடிப்போம். வன்னிப் பக்கமென்றால் லான்ட்மாஸ்ரர். போய்ச் சேரும்வரை நோயாளிக்கு எவரும் எதுவும் செய்வதில்லை. 2016 ஜூலையில் இந்திய அரசின் நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு ஆரம்பிக்கப்பட்ட 1990 ‘சுவசெரிய’ இலவச சேவை, 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தபோதுதான் இந்நிலை மாறத் தொடங்கியது. வண்டியில் இருவர் வருவர். ஒருவர் ‘பைலட்’ எனப்படும் சாரதி. மற்றவர் அவசர மருத்துவ உதவியாளர். பாதையில் உயிரைப் பிடித்து வைத்திருப்பவர் அவரே.

இத்தொழிலுக்குத் தயாராகும் இளைஞர், யுவதிகளுக்கான ஒரு பயிற்சி வகுப்பில் சமூகம் சார்ந்த பகுதியைப் பேச என்னை அழைத்திருந்தார்கள். நான் மருத்துவம் படித்தவளல்ல, சமூகவியல் படித்தவள். ஆகவே மற்ற வகுப்புகளிலும் பின்வாங்கில் இருந்து கேட்டேன். அங்கு கற்பிக்கப்பட்டவற்றுள் பெண்களாகிய எம்மைத் தொடுபவை பல இருந்தன. அவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதற் பாடம் நோயாளியைப் பற்றியதல்ல. இறங்கும் இடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பது. அறுந்து கிடக்கும் மின்கம்பி, கத்தியோடு நிற்கும் மனிதர், வேகமாக வாகனங்கள் வரும் வீதி வளைவு ஆகியவற்றைக் கவனிக்காமல் ஓடிப்போனால் நோயாளிகள் இருவராகிவிடுவர். அதன் பின்னரே சுவாசம், நாடித்துடிப்பு, இரத்தப்போக்கு எல்லாம்.

மூச்சும் நாடியும் நின்றவருக்கு நெஞ்சை அழுத்த வேண்டும். நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு 30 அழுத்தத்துக்கும் 2 தடவை மூச்சுக் கொடுக்க வேண்டும். மூளைக்கு ஒக்சிசன் போகாவிட்டால் ஏறத்தாழ 4 நிமிடத்திலேயே பாதிப்புத் தொடங்கிவிடும். இதைப் பொம்மையில் பழகுகிறார்கள். பொம்மையின் நெஞ்சு தட்டையானது. அதற்கு மார்பகமில்லை, சட்டையில்லை, பக்கத்தில் நின்று பார்க்கும் மாமியாருமில்லை.

என் மனதை அதிகம் உறுத்தியது இந்த இடந்தான். அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பொது இடத்தில் இதயம் நின்று விழுந்த ஆண்களில் 45 சதவீதமானோருக்கு அருகிலிருந்தவர்கள் நெஞ்சை அழுத்தியிருந்தார்கள். பெண்களில் அது 39 சதவீதம் மட்டுமே. தொடக் கூசும் கை அங்கேயே அப்படியென்றால், எமது ஊரில் எப்படியிருக்கும்? இதய அதிர்ச்சிக் கருவியின் ஒட்டுப்பட்டையை வெறும் தோலில் ஒட்ட வேண்டும். அதற்குச் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டிவரும். தாலிக்கொடி பட்டைக்குக் கீழே அகப்படக் கூடாது. ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: “அக்கா, தாலியில கை வைச்சா ஆக்கள் விடுவினமோ?”

பயிற்றுநர் தெளிவாகப் பதில் சொன்னார். தாலியைக் கழற்றத் தேவையில்லை, அறுக்கவும் தேவையில்லை. கொடியை ஒரு பக்கமாகத் தோளை நோக்கி இழுத்து விட்டால் போதும். நான் இன்னொன்றைச் சேர்த்தேன். கை வைக்கு முன்னர் ஒரு வசனம் சொல்லுங்கள்: “அம்மா, இவவின்ர இதயம் நிண்டுபோச்சு, நான் நெஞ்சை அழுத்தப்போறன், ஒரு சீலையை மறைவாப் பிடியுங்கோ.” சீலையைப் பிடிக்கச் சொன்னால் அந்த மாமியாருக்கும் ஒரு வேலை கிடைக்கும், தடுக்கவும் மாட்டார். இந்த ஒரு வசனத்துக்காகவே சமூகவியல் படித்தது பிரயோசனப்பட்டது என்று அன்று நினைத்தேன்.

மாரடைப்பு பெண்களுக்கு எப்போதும் படத்தில் காட்டுவதுபோல நெஞ்சைப் பொத்திக்கொண்டு வருவதில்லை. மூச்சுவாங்குதல், காரணமில்லாத களைப்பு, ஓங்காளம், தாடையிலோ முதுகிலோ நோவு என்றும் வரலாம். நாங்கள் அதற்கு வாய்வு என்று பெயர் வைத்து, உள்ளி சுட்டுக் கொடுத்துவிட்டு, சமையலை முடிக்கச் சொல்வோம். வீட்டார் “வாய்வுக் குத்து” என்று சொன்னாலும் உதவியாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போகக் கூடாது.

கர்ப்பிணிகள் விடயத்தில் பாடம் நீண்டது. எமது நாட்டில் பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே வைத்தியசாலையில் நடப்பதால், வழியில் பிறப்பது அரிது. அரிது என்பதனாலேயே கை பதறும். பிள்ளையை இழுக்கக் கூடாது, வரும்போது தாங்க வேண்டும். பிறந்தவுடன் துடைத்து, உலர்த்தி, தாயின் நெஞ்சோடு தோல் தொட வைத்துப் போர்த்த வேண்டும். பிள்ளை அழுது நன்றாக மூச்சுவிட்டால் தொப்புள்கொடியை வெட்ட அவசரமில்லை, ஒரு நிமிடமாவது பொறுக்கலாம். நஞ்சுக்கொடியையும் இழுக்கக் கூடாது. அது வந்தபின் அடிவயிற்றைக் கையால் உருவிக் கருப்பை இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அரை லீற்றருக்கு மேல் இரத்தம் போனால் அது ஆபத்து. எல்லோருடைய கண்ணும் பிள்ளையில் இருக்கும் அந்த நேரத்தில்தான் தாய் சத்தமில்லாமல் வெளிறிக்கொண்டிருப்பாள்.

கர்ப்பம் 20 வாரத்தைக் கடந்த பெண்ணுக்கு வலிப்பு வந்தால் அது உயர் இரத்த அழுத்தத்தால் வருவதாக இருக்கலாம். கையில் திறப்புக்கோர்வையைத் திணிப்பது, வாய்க்குள் கரண்டி விடுவது எல்லாம் இன்றும் நடக்கிறது. இடது பக்கம் சரித்துப் படுக்கவைத்து, அடிபடாமல் பார்த்து, உடனே கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது சங்கடமான கேள்வி. பிள்ளை பெறும் வயதிலுள்ள எந்தப் பெண்ணுக்கும் திடீரென அடிவயிற்றில் கடும் நோவும் தலைச்சுற்றலும் வந்தால், கருப்பைக்கு வெளியே கரு தங்கி வெடித்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். வயிற்றுக்குள்ளேயே இரத்தம் நிறைந்துவிடும், வெளியே தெரியாது. “கடைசியா மாதவிடாய் எப்ப வந்தது?” என்று கேட்டாக வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளையிடம், தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டால் உண்மை வருமா? தாயை முன் ஆசனத்தில் பைலட்டுடன் இருத்திவிட்டு, பின்னால் மெதுவாகக் கேட்க வேண்டும். வந்த பதிலை வைத்தியரிடம் சொல்ல வேண்டும், ஊருக்கல்ல. கலியாணம் ஆகாத பிள்ளையிடம் இதைக் கேட்பது முறையா என்று ஒரு மாணவி தயங்கினார். முறை பார்த்து அந்தப் பிள்ளை இறந்துபோனால், அந்த முறை யாருக்கு வேண்டும்?

எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பெரும்பகுதியை “படியால விழுந்திட்டன்” என்ற வாக்கியத்துக்கே செலவழித்தேன். எம்மிடம் வரும் பெண்கள் பலர் முதலில் சொல்வது அதைத்தான். விழுந்தவர் பெரும்பாலும் உள்ளங்கையிலும் முழங்காலிலும் அடிபடுவார். முகத்தைக் காக்கக் கையை உயர்த்தியவருக்கு முன்கையின் வெளிப்புறத்தில் கண்டல் இருக்கும். பழையதும் புதியதுமாகப் பல நிறத்தில் கண்டல், கேள்விக்குக் கணவரே முந்திப் பதில் சொல்வது, இவற்றையும் பார்க்க வேண்டும். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தால் வெளியே அடையாளமே இல்லாதிருக்கலாம். குரல் கரகரப்பது, விழுங்கக் கஷ்டம், கண்ணில் சிவப்புப் புள்ளிகள் என்பனவே சாட்சி. மணித்தியாலங்கள் கழித்தும் மூச்சு அடைக்கக்கூடும் என்பதால் “இப்ப சுகம்” என்று அவர் சொன்னாலும் வைத்தியசாலைக்குப் போவது அவசியம்.

அம்புலன்ஸின் பின்பக்கம் அந்தப் பெண்ணுக்கு வருடக்கணக்கின் பின்னர் கிடைத்த முதல் தனிமையாக இருக்கலாம். விசாரணை செய்ய வேண்டாம், புத்தி சொல்லவும் வேண்டாம். “வீட்டில உங்களுக்குப் பயமில்லாம இருக்கேலுமோ அக்கா?” என்று ஒரு தடவை கேட்டால் போதும். அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே பதிய வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதிமன்றம் போகும் நாளில், அந்த ஒரு வரி அவருக்கு உதவலாம். பல வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ இயங்குகிறது. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும் உண்டு. இவற்றைச் சொல்லி விடுங்கள், கையில் துண்டு எழுதிக் கொடுக்காதீர்கள். வீட்டில் யாராவது கண்டால் வில்லங்கம்.

நஞ்சருந்தியவரை ஏற்றும்போதும் இதே மரியாதை வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, போத்தலையோ பைக்கற்றையோ கையோடு கொண்டுபோக வேண்டும், ஏன் செய்தாய் என்று ஏசக் கூடாது. பாம்புக்கடி பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட காலை அசையாமல் வைத்துக் கொண்டுபோங்கள்.

வகுப்பில் பெண்பிள்ளைகள் குறைவு. இரவுக் கடமை, ஆண் சாரதியோடு தனியே பயணம் என்று வீட்டில் மறுப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு நான் நான்சி கரோலைன் என்ற வைத்தியரைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் 1967இல், வேலையற்றிருந்த கறுப்பின மக்களைப் பயிற்றுவித்து ‘ஃபிரீடம் ஹவுஸ்’ என்ற அம்புலன்ஸ் சேவையைத் தொடங்கினார்கள். எழுபதுகளில், முப்பது வயதளவில் அதன் மருத்துவப் பணிப்பாளராக இருந்தவர் இந்தப் பெண். தெருவில் உயிர் காப்போருக்கான ஆரம்பப் பாடநூல்களுள் ஒன்றை எழுதியவரும் அவரே. இக்கதை எந்தத் தந்தையையும் மாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் தமிழில் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு பெண் உதவியாளர் வண்டியில் வந்தால், மேலே சொன்ன கேள்விகளில் பாதி இலகுவாகிவிடும் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லலாம்.

வாசகிகளாகிய எமக்கும் சில வேலைகள் உண்டு. 1990ஐ அழைத்தால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். எமது ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை இல்லை, ஆகவே அருகிலுள்ள சந்தி, கோயில், வாசிகசாலை எதையாவது குறிப்பிடுங்கள். மறுமுனையில் இருப்பவர் சொல்லும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகள், கர்ப்பிணியானால் அவரது பதிவேடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஒருவரை ரோச் லைற்றுடன் சந்திக்கு அனுப்புங்கள். படலையைத் திறந்து, நாயைக் கட்டி விடுங்கள்.