எண்ணெய் தருவது வயலா, பாசிக் குளமா?

கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரையிலே, விடியுமுன் கடலுக்குச் செல்லும் படகுகள் இன்று துடுப்பையும் பாயையும் நம்பிச் செல்வதில்லை. இயந்திரத்தை நம்பியே செல்கின்றன. திருக்கழுக்குன்றத்திலும் மதுராந்தகத்திலும் ஏர்மாடுகள் அருகிவிட்டன. உழுவதும் அறுப்பதும் இயந்திரங்களே. இவ்வாறாக, மீனவக் குடும்பத்தின் செலவுக் கணக்கும் உழவர் குடும்பத்தின் செலவுக் கணக்கும் டீசல் என்னும் ஒரே பொருளில் வந்து சந்திக்கின்றன. அதன் விலை ஏறும்போது வலையில் விழுந்த மீனும் களத்தில் குவிந்த நெல்லும் விலையில் குறைந்தவை போலவே ஆகிவிடுகின்றன.

ஆகவே, “டீசலை இனித் தோண்டி எடுக்க வேண்டியதில்லை, நிலத்திலே விளைவிக்கலாம், நீரிலே வளர்க்கலாம்” என்று எவரேனும் கூறினால் நம் மக்கள் ஆவலோடு செவிசாய்ப்பது இயல்பே. அந்த ஆவலை நம்பி நிலத்தை ஒப்படைத்தவர்களும் உண்டு. எனவே, எண்ணெய்ப் பயிர், பாசி ஆகிய இவ்விரண்டின் உண்மை நிலையையும் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நலம்.

புதிய எண்ணம் அன்று

தாவர எண்ணெயில் இயந்திரத்தை ஓட்டுவது நேற்றுத் தோன்றிய எண்ணம் அன்று. 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் சிறிய டீசல் இயந்திரம் ஒன்று வேர்க்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே 1912-ஆம் ஆண்டில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிட்டு, தாவர எண்ணெய்களுக்கு எதிர்காலம் உண்டு என்று எழுதினார். நம் செங்கற்பட்டுச் சீமையிலே மணிலாக்கொட்டை என்று வழங்கும் அதே வேர்க்கடலைதான் அது!

ஆனால் செக்கிலிருந்து வரும் எண்ணெயை அப்படியே ஊற்றினால், அதன் பிசுபிசுப்பால் இயந்திரத்தின் நுண்துளைகள் காலப்போக்கில் அடைபடும். அதனால் எண்ணெயுடன் மெத்தனால் என்னும் சாராய வகையையும் சிறிதளவு காஸ்டிக் சோடா போன்ற காரத்தையும் கலந்து சூடாக்குகின்றனர். கனமான கிளிசரின் அடியிலே தங்க, இலேசான எண்ணெய் மேலே மிதக்கிறது. மேலே மிதப்பதே பயோடீசல். சோப்பு காய்ச்சும் முறையறிந்த தாய்மார்களுக்கு இது விளங்காத வித்தை அன்று. கடினமான வினா வேறு: இத்தனை எண்ணெய்க்கு எங்கே போவது?

நம் நாடு ஆண்டுதோறும் ஏறத்தாழ 9 கோடி டன் டீசலைச் செலவிடுகிறது. நாம் உண்ணும் சமையல் எண்ணெய் முழுவதையும் திரட்டினாலும் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு எட்டாது. அந்தச் சமையல் எண்ணெயிலும் பாதிக்கு மேல் அயல்நாடுகளிலிருந்தே வருகிறது. அடுப்பிலே வாணலி காய்ந்திருக்க, வண்டியிலே எண்ணெய் எரிவது அறமாகுமா? ஆகவேதான் உண்ணத்தகாத எண்ணெயை அரசும் அறிஞரும் நாடினர்.

காட்டாமணக்கின் கதை

2002-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று டில்லிக்கும் அமிர்தசரசுக்கும் இடையே, டீசலுடன் 5 விழுக்காடு பயோடீசல் கலந்து ரயில்வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தனர். 2003-ஆம் ஆண்டில் திட்டக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. வேலியோரத்தில் நாம் காணும் காட்டாமணக்கையே அது முதன்மையாகப் பரிந்துரைத்தது. ஒரு ஹெக்டேரில், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரில், 2,500 செடிகள், செடிக்கு ஒன்றரைக் கிலோ விதை, ஆக 3.75 டன் விதை, அதிலிருந்து சுமார் 1.2 டன் எண்ணெய். இது தாளிலே எழுதிய கணக்கு. 2009-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையோ, 2017-க்குள் டீசலில் 20 விழுக்காடு கலக்க வேண்டும் என்று இலக்கு வகுத்தது.

தமிழகத்திலும் நாற்றுகளும் மானியமும் கடனும் வழங்கப்பட்டன. தனியார் நிறுவனங்கள் உழவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. “தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு தின்னாது, தரிசிலும் தழைக்கும்” என்பதே எங்கும் ஒலித்த பேச்சு.

விளைந்தது என்ன? பேரே அரிசா-மொன்டோபியோ, சரச்சந்திர லேலே என்னும் இரு ஆய்வாளர்கள் தமிழகத்துக் காட்டாமணக்குத் தோட்டங்களை ஆராய்ந்து 2010-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். எதிர்பார்த்ததைவிட விளைச்சல் மிகக் குறைவு, பயிர் கட்டுபடியாகவில்லை, கட்டுபடியாக வேண்டுமானால் நீர்வசதி இருந்தாக வேண்டும். இழப்பின் சுமை ஏழை உழவர்மீதே மிகுதியாக விழுந்தது. இதுவே அவர்கள் கண்டது.

இதில் வியப்பில்லை. காட்டாமணக்கு தரிசிலே உயிர் வாழும் என்பது உண்மைதான். ஆயினும் உயிர் வாழ்வது வேறு. காய்த்துக் குலுங்குவது வேறு. நல்ல மண்ணும் நீரும் உரமும் கொடுத்தால் காய்க்கும். ஆனால் அவை உள்ள இடத்திலே மணிலாவோ உளுந்தோ போட்டால் உண்ணவும் ஆகும், விற்கவும் ஆகும். மணிலாப் பிண்ணாக்கு மாட்டுக்குத் தீவனம். காட்டாமணக்கின் பிண்ணாக்கோ நஞ்சு, எருவுக்கு மட்டுமே உதவும். அதன் விதையைச் சிறுவர்கள் கடலை என்று எண்ணித் தின்று வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு மருத்துவமனைக்குச் செல்வது இன்றும் செய்தித்தாள்களில் வருகிறது. பெற்றோர் இதனைக் கருத்திலே கொள்ள வேண்டும்.

‘தரிசு’ என்னும் சொல்லையும் நாம் சற்று உற்று நோக்கவேண்டும். ஏட்டிலே தரிசு என்று எழுதப்பட்ட நிலம், உண்மையிலே ஏழையின் ஆடு மேயும் இடம். அவன் மனைவி விறகு பொறுக்கும் இடம். தென்மாவட்டங்களில் சீமைக்கருவேல விறகையும் காட்டாமணக்கு எண்ணெயையும் ஒப்பிட்டு ஆராய்ந்த ஜெனிபர் பாக்கா, ராபர்ட் பெய்லிஸ் ஆகியோர், அவ்விறகு தரும் பயன்மிக்க எரிசக்தியே பலமடங்கு அதிகம் என்று 2014-ஆம் ஆண்டில் காட்டினர். நாம் வெறுக்கும் அம்முள்மரமே அவ்வூர் ஏழைகளுக்கு அடுப்பும் கூலியுமாய் இருந்திருக்கிறது.

பாசியின் பெருமை

பயிர் கைவிட்டபோது பலருடைய பார்வை பாசியின்மேல் சென்றது. பாசியியல் நம் மண்ணுக்கு அந்நியமானது அன்று. இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் சென்னையிலே பணியாற்றியவர். பின்னர் தரமணியில் உள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி. வி. சேஷாத்திரி அவர்கள் சுருள்பாசியைச் சிற்றூர்களிலும் வளர்த்து உண்ணத்தக்க உணவாக்க உழைத்தார்.

கண்ணுக்குத் தெரியாத இந்நுண்பாசிகளுக்கு வேரில்லை, தண்டில்லை. உடல் முழுவதுமே வெயிலை உண்ணும் இலை எனலாம். ஒரே நாளில் இருமடங்காகப் பெருகும் இனங்களும் உண்டு. உப்பு நீரிலும் சாக்கடை நீரிலும் வளரும், கழனியைக் கேட்பதில்லை. சில இனங்கள் தம் எடையில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலுமோ எண்ணெயாகச் சேர்த்து வைக்கின்றன.

நியூசிலாந்து நாட்டு அறிஞர் யூசுப் சிஸ்டி 2007-ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்குக் கிடைக்கக்கூடிய எண்ணெய்: காட்டாமணக்கு 1,892 லிட்டர், தென்னை 2,689 லிட்டர், செம்பனை 5,950 லிட்டர், 30 விழுக்காடு எண்ணெயுள்ள நுண்பாசியோ 58,700 லிட்டர்! இந்த ஒரு பட்டியலைக் கண்டு உலகமே மயங்கிற்று என்றால் மிகையாகாது.

குளத்திலே கண்டது

ஆனால் பட்டியல் வேறு, குளம் வேறு. அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை இதற்கெனவே ஓர் ஆராய்ச்சித் திட்டத்தை நடத்தியது. நியூமெக்சிகோ மாநிலத்தில் ஆயிரம் சதுரமீட்டர்க் குளங்களில் பாசி வளர்த்தனர். சில நாள்களில் சதுரமீட்டருக்கு 50 கிராம் வரை கிடைத்தது. ஆனால் குளிர்ந்த இரவுகளால் சராசரி 10 கிராம் அளவிலேயே நின்றது. எல்லாம் நன்றாக அமைந்தாலும் பாசி டீசலின் விலை சாதாரண டீசலைப்போல் இருமடங்காகும் என்று 1998-ஆம் ஆண்டின் இறுதி அறிக்கை கூறிற்று. பின்னர் எக்சான்மொபில் என்னும் பெரும் எண்ணெய் நிறுவனம், 60 கோடி டாலர் வரை செலவிடுவதாக 2009-ஆம் ஆண்டில் அறிவித்துப் பாசி ஆராய்ச்சியில் இறங்கியது. 2023-ஆம் ஆண்டுக்குள் அதுவும் விலகிக்கொண்டது.

தடை எங்கே? நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். சதுரமீட்டருக்கு நாளொன்றுக்கு 10 கிராம், அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்று கொள்வோம். ஒரு ஹெக்டேர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 லிட்டர் தரும். பட்டியலில் கண்டதில் இது ஏழில் ஒரு பங்கே. ஆயினும் செம்பனையையும் விஞ்சுகிறது. காட்டாமணக்கைப்போல் நான்கு மடங்கு. எனவே நிலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பாசி வெல்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் நிலம் மட்டுமே செலவாகுமா? பாசிக் குளத்து நீர் ஒரு லிட்டரிலே உலர்ந்த பாசி அரை கிராம் அளவே இருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய் வேண்டுமானால் ஏறத்தாழ 9,000 லிட்டர் நீரிலிருந்து பாசியைப் பிரித்து, உலர்த்தி, பின் எண்ணெய் எடுக்க வேண்டும். இறைக்கவும் கலக்கவும் வடிக்கவும் மின்சாரம் வேண்டும். நம் கடற்கரை வெயிலிலே நாளுக்கு 5 மில்லிமீட்டர் நீர் வற்றினால், ஒரு ஹெக்டேர் குளம் ஒரே நாளில் 50,000 லிட்டரை இழக்கும். கடல்நீரைக் கொண்டு ஈடுசெய்தால் குளம் மெல்ல மெல்ல உப்பளமாகும். உரத்தைக் குறைத்துப் பட்டினி போட்டால்தான் பல பாசிகள் எண்ணெயை மிகுதியாகச் சேர்க்கும். பட்டினி கிடந்தாலோ வளர்ச்சி குன்றும். திறந்த குளத்திலே வேற்றுப் பாசியும் அதைத் தின்னும் நுண்ணுயிரும் புகுந்துவிடும்.

பாசி வளர்த்து வெற்றி கண்டவர்களும் தமிழகத்தில் உளர். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய அளவிலே சுருள்பாசி வளர்க்கப்படுகிறது. ஆனால் அதை ஊட்ட உணவாகவே விற்கின்றனர். கிலோ கணக்கில் நல்ல விலை தரும் பொருளை எரித்துப் புகையாக்க எவர்தாம் முன்வருவார்?

நம் பகுதிக்கு எது பொருந்தும்?

அப்படியானால் இரண்டையும் ஒதுக்கிவிடலாமா? வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தைக் கொடுப்பதே அறிவுடைமை.

மரத்துக்கு உரிய இடம் வரப்பும் சாலையோரமும் ஏரிக்கரையும் ஆகும். நம் கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் பழக்கமான புங்கமரம் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பது, நிழல் தருவது, விதையிலே மூன்றில் ஒரு பங்களவு எண்ணெய் கொண்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் உடுப்பி சீனிவாசா அவர்கள், இந்த எண்ணெயைக் கொண்டு சிற்றூர்களில் இயந்திரங்களை ஓட்ட முடியும் எனச் செய்து காட்டினார். கழனியை விட்டுக்கொடுக்காமல் கிடைக்கும் எண்ணெய் சிறிதாயினும் இலாபமே.

பாசிக்கு உரிய இடம் கழிவுநீர். பாசி வளர்க்கும் உரச்செலவைக் கழிவுநீர் தானே ஏற்றுக்கொள்கிறது. பாசியோ நீரைத் தூய்மை செய்கிறது. கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950-களிலேயே இம்முறையை வகுத்தார். நம் இராணிப்பேட்டையில் ஆலைக் கழிவுநீரைப் பாசிகொண்டு தூய்மை செய்து காட்டினார் வி. சிவசுப்பிரமணியன் அவர்கள். இவ்வாறு வளர்ந்த பாசியை உலர்த்தி எண்ணெய் எடுக்க வேண்டுவதில்லை. ஈரத்தோடு சாண எரிவாயுக் கலத்தைப் போன்ற கலத்திலே இட்டால் எரிவாயு கிடைக்கும். செங்கற்பட்டு நகரின் கழிவுநீர் நெடுங்காலமாகக் கொளவாய் ஏரியைக் கெடுத்து வந்ததை அறிந்தவர்கள், தூய நீரே முதல் இலாபம், எரிவாயு இரண்டாம் இலாபம் என்பதை எளிதில் உணர்வர்.

இவ்விரண்டிற்கும் முன்னே கையில் இருப்பது ஒன்று உண்டு: பொரித்துக் கறுத்த சமையல் எண்ணெய். அதைச் சேகரித்துப் பயோடீசலாக்க 2018-ஆம் ஆண்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் திட்டம் தொடங்கியது. மாமல்லபுரத்து உணவு விடுதிகள் மிச்ச எண்ணெயைத் தெருவோரக் கடைகளுக்கு விற்காமல் இதற்கு அளிக்குமானால், வண்டிக்கும் நன்மை, உண்பவர் உடலுக்கும் நன்மை.

2018-ஆம் ஆண்டின் புதிய தேசியக் கொள்கை, பயோடீசலுக்கான இலக்கை 2030-க்குள் 5 விழுக்காடு என்று குறைத்துக்கொண்டது. நாட்டுக்கே கணக்கு இவ்வாறு இறங்கியதென்றால், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் எவ்வளவு விழிப்பாய் இருக்கவேண்டும்!

நாளை எவரேனும் புதிய எண்ணெய்ப் பயிரோடோ பாசித் தொட்டியோடோ உங்கள் வாசலுக்கு வந்தால், கையொப்பமிடுமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள். நீங்கள் சொல்லும் விளைச்சல் எந்த மண்ணிலே, எவ்வளவு தண்ணீரிலே கண்டது? அதைத் தொடர்ந்து மூன்று ஆண்டு கண்ட உழவர் யார், அவரை நாங்கள் பார்க்கலாமா? விளைந்ததை எந்த விலைக்கு வாங்குவீர்கள் என்பதை எழுத்திலே தருவீர்களா? விளையாவிட்டால் கடன் யாருடையது?

இவற்றுக்கு நேரான விடை கிடைக்கும் வரை நிலத்திலே மணிலாவே இருக்கட்டும். வரப்பிலே புங்கங்கன்று நட்டு வையுங்கள்.