பாசூர்ப் பையனும் மைசூர் வாணமும்

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், பள்ளிக்கூடம் விட்டபின் என் மேஜையருகே வந்து நின்றான். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். திரைச்சீலை மாட்டும் பித்தளைக் குழாய் ஒன்று, அதன் நடுவே நிறுத்தி வைக்க ஒரு கூரான கம்பி, மருந்தை இடிக்க ஓர் உலக்கை. அளவுகளெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தான். "ஸார், வாணம் செய்வதற்கு இந்தக் கருவிகள் போதுமா?" என்று கேட்டான்.

படம் மிக அழகாயிருந்தது. அதுதான் எனக்குத் திகிலாயிருந்தது. சோம்பேறிப் பையன் கேட்டிருந்தால் ஓர் அதட்டல் போதும்; அளவெடுத்து வரைகிறவன் நிச்சயம் செய்தே பார்த்துவிடுவான்.

"அந்த நடுக்கம்பி எதற்கு?" என்றேன்.

"கடையில் வாங்கின வாணத்தைப் பிரித்துப் பார்த்தேன், ஸார். உள்ளே துளை இருந்தது."

காரணம் அவனுக்குத் தெரியவில்லை. நேயர்களிலும் பலருக்குத் தெரிந்திராது. மருந்து துளையின்றிக் கெட்டியாக இருந்தால் ஊதுவத்தியைப்போல் அடியிலிருந்துதான் எரியும். நடுவே துளை இருந்தால் அதன் உட்சுவர் முழுவதும் ஒரே சமயத்தில் பற்றிக்கொள்ளும். ஆகையால் ஒரு நொடியில் கிளம்பும் புகையின் அளவு பன்மடங்காகிறது. வாணம் தரையை விட்டு எழும்புவது அந்த வேகத்தினால்தான். ஆனால் இடித்த மருந்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் நெருப்பு அதற்குள்ளும் புகுந்துவிடும். எரியும் பரப்பு திடீரென்று பெருகும். குழாய் தாங்காது. காகிதக் குழாயானால் கிழியும். உலோகக் குழாயானால் துண்டு துண்டாகிக் கத்திகளாய்ப் பறக்கும். போதாக்குறைக்கு, இரும்பு உரசினால் பொறி பிறக்கும். மருந்து இடிக்கிறவன் கையிலேயே பற்றிக்கொள்ளும். உரிமமின்றி இதைச் செய்வது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பத்து விரல்களும் போன பிறகு சட்டம் வந்து என்ன செய்யப் போகிறது?

இவ்வளவையும் சொன்னேன். பையன் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் திப்பு சுல்தான் மட்டும் எப்படி இரும்பில் செய்தாராம்?" என்றான்.

கேள்வி நியாயமானதுதான். அதைக் கேட்டவன் திருப்பாச்சூர்க்காரனாயிருந்ததுதான் விசேஷம். திருவள்ளூருக்கு மேற்கே, திருத்தணி போகும் சாலையில் இருக்கிறது அவ்வூர். பாசு என்றால் மூங்கில். அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீசுவரர் கோயிலில் தலவிருட்சமும் மூங்கிலே. மைசூர் வாணத்தின் வாலும் மூங்கில்தான்! சுமார் ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் குழாயைத் தோல் வாரினால் ஒரு நீண்ட மூங்கிலில் இறுகக் கட்டியிருப்பார்கள். சிலவற்றில் மூங்கிலுக்குப் பதில் கத்தி. வால் இல்லாத வாணம் தலைகீழாய்ச் சுற்றும். வால் இருந்தால் நேர்வழி பிடிக்கும். அக்காலத்து ஐரோப்பியர் அட்டைக் குழாயில் மருந்து அடைத்தபோது மைசூர்க் கொல்லர்கள் இரும்பில் அடைத்தார்கள். உள்ளே அதிக அழுத்தம் தாங்கிற்று. ஆகவே அதிகத் தூரம் பறந்தது.

அந்த வாணங்கள் பறந்த பூமியும் நமக்கு அந்நியமன்று. 1780 ஆகஸ்டில் கர்னல் பெய்லி என்பவர் கும்பினியின் குண்டூர்ப் படையுடன் தெற்கே வந்து கொசஸ்தலையாற்றின் வடகரையில் கூடாரமடித்தார். அன்று மாலையே ஆற்றைக் கடந்திருக்கலாம். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் காத்துக் கிடந்தார். செப்டம்பர் 6-ஆம் தேதி பேரம்பாக்கத்தில் திப்பு அவரை மறித்தார். 10-ஆம் தேதி காஞ்சீபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதரும் வந்து சேர்ந்து அப்படையை அடியோடு அழித்தார். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் நடுச் சண்டையில் தீப்பிடித்து வெடித்தன. அது வாணத்தின் வேலை என்று சிலரும், பீரங்கிக் குண்டின் வேலை என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். மறு வருஷம் ஆகஸ்டில் ஜெனரல் கூட் திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்துக்கொண்டுதான் மீண்டும் புள்ளலூர்ச் சண்டைக்குப் போனார்.

"எங்கள் ஊர்க் கோட்டையா, ஸார்?" என்று பையன் நிமிர்ந்தான்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது வெற்றி பெற்றவர்கள் கணக்கெடுத்தார்கள். ஏவுவதற்குத் தயாரான வாணங்கள் 700. மருந்து அடைக்காத வெறும் வாணங்கள் 9,000. இந்த இரண்டாவது எண்ணைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒன்பதாயிரம் குழாய்களை ஒரே மாதிரி அடிக்க எத்தனை அச்சு, எத்தனை சுத்தியல், எத்தனை பழகிய கை வேண்டும்! அந்தக் கொல்லர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. பெயர் பெற்றவர் வில்லியம் காங்கிரீவ். இங்கிருந்து கப்பலேறிய வாணங்களின் வழியிலே அவர் உல்விச்சில் ஆராய்ச்சி நடத்தி, கனத்த எடையை உயரத்திலிருந்து விழவிட்டு மருந்தை இடிக்கும் இயந்திரங்களை அமைத்தார். 1807-இல் அவருடைய வாணங்கள் கோபன்ஹேகன் நகரை எரித்தன. 2018-இல் ஷிமோகா ஜில்லா நகராவில் பாழ்ங்கிணறு ஒன்றைத் தூர் வாரியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட மைசூர் வாணங்கள் துருவேறிக் கிடைத்தன.

அமெரிக்காவில் வாலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் போன அப்துல் கலாம், அங்கே வரவேற்புக் கூடத்தில் திப்புவின் வாணப்படையைத் தீட்டிய ஓவியத்தைக் கண்டு அதிசயித்தார். 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து நம் தேசத்தின் முதல் ராக்கெட் எழும்பியது. ராக்கெட் மட்டும் அமெரிக்க ராக்கெட்! சொந்த ராக்கெட்டான ரோகிணி 1967-இல் பறந்தது. இன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கில் சுமார் 139 டன் திட எரிபொருள். அதற்கும் நடுக்கம்பி உண்டு. குழாயின் நடுவே அச்சை நிறுத்தி, சுற்றிலும் எரிபொருட் கூழை வார்த்து, இறுகிய பிறகு அச்சை உருவி எடுக்கிறார்கள். பையன் நோட்டில் வரைந்தது அதன் பேரன்தான்.

இதைச் சொன்ன பிறகு வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மருந்தே இல்லாத ராக்கெட் ஒன்று உண்டு. இரண்டு லிட்டர் சோடாப் புட்டி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், ரப்பர் அடைப்பான், சைக்கிள் டியூபின் வால்வு, ஒரு பம்பு. காற்றை அடிக்க அடிக்க, அடைப்பான் பிதுங்கித் தண்ணீர் கீழே பாயும். புட்டி மேலே பாயும்.

முதல் தடவை அது எங்கள் தலைமையாசிரியர் அறையை நோக்கிப் போயிற்று. இரண்டாவது தடவை என் சட்டையை நனைத்தது. இறக்கைகள் கோணலாக ஒட்டியிருந்தன. கண்ணளவில் ஒட்டினால் நேராக வராது என்று பையனே கண்டுகொண்டான். மறுநாள் ஒரு பலகையுடன் வந்தான். புட்டியின் அளவுக்கு வட்டமாகத் துளை போட்டு, அதைச் சுற்றி 120 பாகைக்கு ஒன்றாக மூன்று பள்ளம் வெட்டியிருந்தான். புட்டியைத் துளையிலும் இறக்கைகளைப் பள்ளங்களிலும் செருகி, பசை காயும்வரை விட்டுவிட வேண்டியது. தச்சரான அவன் மாமா அரம் மட்டும் கொடுத்தாராம். அறுத்தது தானே என்றான்.

மூன்றாவது புட்டி வேப்பமரத்துக்கு மேலே நேராகப் போயிற்று. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை. அடுத்த புட்டியைப் பலகையில் செருகிக்கொண்டிருந்தான்.