கம்ப்யூட்டர் போட்டால் கரண்ட் போகிறதா? கீசரைப் பாருங்கள்!

மதுரையில் எங்கள் வீட்டுக்குப் புது கம்ப்யூட்டர் வந்த இரண்டாவது வாரமே அப்பாவிடமிருந்து போன். "தம்பி, கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுப்பா. காலையில ஆன் பண்ணுனா வீடு பூராவும் கரண்ட் போயிடுது." எது நடந்தாலும் பழி புதுப் பொருள் மேல்தானே!

ஊருக்குப் போனதும் சோதித்தேன். கம்ப்யூட்டர் ப்ளக்கைக் கழற்றிவிட்டு, அதே நேரத்தில் தினமும் ஓடும் பாத்ரூம் கீசரை மட்டும் போட்டேன். சிறிது நேரத்தில் மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. விழுந்தது. ஃபேஸில் போகும் கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் இதன் வேலை. வீடுகளுக்குரிய 30 மில்லி ஆம்பியர் வகை, அந்த அளவு கரண்ட் கசிந்தாலே சப்ளையைத் துண்டித்துவிடும். "அதை எடுத்துட்டு டைரக்டா கொடுத்துடலாம்" என்று யாரோ அப்பாவிடம் யோசனை சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அப்பா கேட்கவில்லை. ஈரக் கையோடு அந்தக் குழாயைத்தான் திறக்கிறோம்!

காரணம், எங்கள் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், கால்சியம் கார்பனேட்டாக மாறி எலிமென்ட் மேல் ஓடாகப் படிகிறது. ஹீட்சிங்கில் தூசி அடைத்தால் ப்ராசஸர் சூடாவது போல, ஓட்டுக்குள் மாட்டிய எலிமென்ட் சூடேறி உறை வெடிக்கிறது. கரண்ட் தண்ணீருக்குள் கசிகிறது.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க உங்கள் கம்ப்யூட்டரே போதும். எக்செல்லில் ஒரு கட்டத்தில் =25*30*4.186/3600 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 25 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி கூடுதலாகச் சூடாக்க 0.87 யூனிட். 2000 வாட் கீசருக்கு இது சுமார் 26 நிமிட வேலை. வோல்டேஜ் குறைந்தால் இன்னும் கூடும். எங்கள் கீசரில் சில மாதங்களாகவே 12 நிமிடத்தில் லைட் அணைந்துவிடும், ஒரு வாளிகூடச் சுடுதண்ணீர் வராது என்றார் அம்மா. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு நின்றிருக்கிறது.

கழற்றும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் எம்.சி.பி.யை இறக்கி ப்ளக்கை எடுக்க வேண்டும். தண்ணீர் ஆறியதும் இன்லெட் வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவைக்க வேண்டும். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் இறங்கும். பிறகு கீழே இன்லெட் இணைப்பைக் கழற்றினால் டேங்க் காலியாகும். சகதி மட்டும் அந்தச் சின்னத் துளை வழியே முழுதாக வராது. எலிமென்ட் பொருத்திய தட்டைத் திறந்துதான் அள்ள வேண்டும். எங்கள் வீட்டில் கை கையாக வந்தது!

எலிமென்ட் மட்டும் போயிருந்தால் அதை மாற்றினால் போதும். எங்கள் டேங்க் அடியில் துருப்பிடித்துச் சொட்டியதால் புதிது வாங்கினோம். ஐ.எஸ். 2082 முத்திரையும், துருவைத் தான் ஏற்றுக்கொள்ளும் மெக்னீசியம் ஆனோட் கம்பியும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பொருத்தியதும் சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் சீராக வரும்வரை ஸ்விட்சைப் போடாதீர்கள். டேங்க் காலியாக இருந்தால் புது எலிமென்ட்டும் போய்விடும். பிரஷர் ரிலீஸ் வால்வு சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடவும் கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேங்கைக் காலிசெய்ய கம்ப்யூட்டர் காலண்டரில் ரிமைண்டர் வைத்துவிட்டு வந்தேன். முதல் தடவை அது மணியடித்ததும் அப்பாவிடமிருந்து போன்: "தம்பி, கம்ப்யூட்டர் தானா சத்தம் போடுதுப்பா!"