முதல் கைத்துப்பாக்கி

ஓய்வு பெற்று நாக்பூரில் குடியேறிய மறு வருடம், அடுத்த வீட்டில் திருடு போயிற்று. "நாமும் ஒரு துப்பாக்கி வாங்கி வைப்போமே" என்றாள் மனைவி. விசாரித்தேன். 9 மி.மீ. பிஸ்டல் நம் போன்றோருக்குத் தடை. கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர் வாங்கலாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸும், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பயிற்சிச் சான்றிதழும் தேவை. புதியவருக்கு ரிவால்வரே ஏற்றது: ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும்.

ரயில்வேயில் சிக்னல் பழுதானால் சிவப்பில்தான் நிற்கும். துப்பாக்கிக்கு அந்தச் சிவப்பு கிடையாது. பூட்டி வைத்தால் நடுராத்திரியில் உதவாது. தலைமாட்டில் வைத்தால் ஆறு வயதுப் பேரனுக்கு எட்டும். கடைசியில் வாசலுக்கு இரும்புக் கதவும், அடுத்த வீட்டில் ஒலிக்கும்படி ஒரு மணியும் பொருத்தினேன். வாங்க நினைக்கும் அன்பர்களே, எதை வாங்குவது என்று யோசிக்கும் முன், எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.