சிலிண்டர் தேய்ந்தால் முலாமா, ஸ்லீவா?

மார்க்கெட்டிலிருந்து மூட்டை ஏற்றி வரும் மூன்று சக்கர வண்டி, வீடு வீடாக மளிகை கொண்டுபோகும் மொபெட், மின்சாரம் நின்றால் ஐஸ் பெட்டியைக் காப்பாற்றும் ஜெனரேட்டர். இவை இல்லாமல் இன்று நம்மில் பலருக்குக் கடை நடத்த முடியாது. இவற்றில் ஒன்று புகை கக்குகிறது, ஆயில் குடிக்கிறது, பாரம் ஏற்றினால் இழுக்கவில்லை என்று பட்டறைக்குக் கொண்டுபோனால், "போர் தேய்ந்துவிட்டது, ஸ்லீவ் போட்டுவிடலாம்" என்கிறார் ஒரு மெக்கானிக். "மறுபடி முலாம் பூசினால்தான் நிற்கும்" என்கிறார் இன்னொருவர். இரண்டுக்கும் செலவு வேறு. வண்டி நிற்கும் நாட்களும் வேறு. எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதை வணிகர் கண்ணோட்டத்தில் பார்ப்போம்.

முதலில் அளவு

எடை போடாமல் நாம் சரக்குக்கு விலை பேசுவதில்லை. சிலிண்டரையும் அளக்காமல் வேலைக்குக் கொடுக்கக் கூடாது. போர் கேஜ் என்ற கருவியால் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் 6 அளவுகள் கிடைக்கும். மேல் ரிங் ஏறித் திரும்பும் இடத்தில்தான் பொதுவாகத் தேய்மானம் அதிகம். அந்த 6 அளவுகளையும் தாளில் எழுதி வாங்கி, தயாரிப்பாளர் குறித்துள்ள வரம்போடு ஒப்பிட வேண்டும். வரம்புக்குள் இருந்தால் ரிங் மாற்றுவதோடு வேலை முடிந்துவிடலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு சீல் கெட்டாலும் நீலப் புகை வரும் என்பதை மறக்கக் கூடாது.

உள்சுவர் இரும்பா, முலாமா?

ஒரு சிறு காந்தத்தை உள்சுவரில் வைத்துப் பாருங்கள். இறுகப் பிடித்தால் அது வார்ப்பிரும்பு. பிடிக்காமலோ, லேசாகவோ பிடித்தால் அது அலுமினியச் சிலிண்டர். பெரும்பாலும் அதன்மேல் முலாம் இருக்கும்.

இரும்பாக இருந்தால் முலாம் பேச்சே பொதுவாகத் தேவையில்லை. முதல் வழி ரீபோர். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும் வரை துளையைப் பெரிதாக்கிக்கொண்டு போகலாம். கடைசி அளவும் முடிந்த பிறகுதான் ஸ்லீவ். டீசல் எஞ்சின்கள் பலவற்றில் கழற்றி மாற்றும் லைனரே இருக்கும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை இறக்கினால் போதும்.

முலாம் பூசிய அலுமினியச் சிலிண்டர் என்றால்தான் கேள்வி எழுகிறது. முன்னாளில் கடின குரோம் முலாம் பூசினார்கள். 1967-இல் ஜெர்மனியின் மாலே நிறுவனம், நிக்கலோடு சிலிக்கான் கார்பைடு துகள் கலந்த நிக்காசில் முலாமைக் கொண்டுவந்தது. இந்த முலாமின் கனம் பெரும்பாலும் 0.1 மி.மீ.க்கும் குறைவு. ஆகவே இதை ரீபோர் செய்ய முடியாது. செய்தால் முலாமே போய்விடும்.

ஸ்லீவின் நன்மையும் ஆபத்தும்

ஸ்லீவ் என்பது இரும்புக் குழாய். அலுமினியச் சிலிண்டரைக் கடைந்து, சூடாக்கி, குழாயை உள்ளே இறக்கி, ஆறியபின் பிஸ்டன் அளவுக்குக் கடைந்து ஹோனிங் செய்வார்கள். நல்ல லேத் பட்டறை உள்ள ஊரிலேயே முடியும். மறுபடி தேய்ந்தால் ரீபோர் செய்யலாம். இது பெரிய லாபம்.

ஆனால் சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இறுக்கம் குறைவாகப் போட்ட ஸ்லீவ் எஞ்சின் சூடானதும் தளர்ந்து நகரும். இரும்பு சூட்டைக் கடத்துவதும் அலுமினியத்தைவிட மிகக் குறைவு. காற்றால் குளிரும் எஞ்சினில், பாரத்தோடு ஓடும்போது இது தெரியும். இரண்டு ஸ்ட்ரோக் சிலிண்டரானால் ஸ்லீவில் வெட்டும் ஜன்னல்கள் பழைய ஜன்னல்களோடு சரியாகப் பொருந்த வேண்டும்; விளிம்புகளை மழுக்க வேண்டும். இல்லையேல் ரிங் மாட்டி உடையும்.

மறுமுலாம்

பழைய முலாமை நீக்கி, கீறல் ஆழமாக இருந்தால் வெல்டிங் வைத்து நிரப்பி, கடைந்து, புதிதாக முலாம் ஏற்றி, வைரக் கல்லால் ஹோனிங் செய்வது இந்த முறை. பழைய அளவு பிஸ்டனையே போடலாம்; சூடு முன்போலவே வெளியேறும். ஆனால் இதற்கான வசதி எல்லா ஊரிலும் இல்லை. பார்சலில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

முலாம் பற்றி ஒரு பழைய பயம் உண்டு. ஜாகுவார் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட வி-8 எஞ்சினில் நிக்காசில் முலாம் இருந்தது. கந்தகம் அதிகமுள்ள பெட்ரோலில் அது அரித்துப்போனதால், 2000-இல் இரும்பு ஸ்லீவுக்கு மாறினார்கள். நம் நாட்டில் 1.4.2020 முதல் பி.எஸ்.-6 எரிபொருள் விற்பனையாகிறது. அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே அந்தக் காரணத்துக்காக முலாமை ஒதுக்க வேண்டியதில்லை.

கணக்கு

கூலியை மட்டும் பார்த்தால் முதலுக்கே மோசம். வாடகை வண்டிக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லீவ் வேலை 4 நாள் என்றால் 2,400; முலாம் வேலை 15 நாள் என்றால் 9,000. கூலியோடு இதையும் கூட்டிப் பாருங்கள். அதோடு புதிய சிலிண்டர், பிஸ்டன் செட் என்ன விலை என்றும் கேளுங்கள். அதிகம் விற்கும் வண்டிகளுக்கு அதுவே மலிவாக முடியலாம். புதிய சிலிண்டர் கிடைக்காத பழைய வண்டி, நின்றால் நஷ்டமில்லாத மாற்று வண்டி உள்ள கடை, சூடு அதிகம் ஏறும் எஞ்சின் ஆகியவற்றுக்கே மறுமுலாம் பொருந்தும். உடனே ஓடியாக வேண்டிய வண்டிக்கு, கைதேர்ந்த பட்டறை அருகில் இருந்தால் ஸ்லீவே போதும்.

எதைச் செய்தாலும் ரிங் பொருந்த வேண்டும். குரோம் முலாம் போருக்குக் குரோம் ரிங் ஆகாது. செய்த வேலை, அளவு, பிஸ்டன் அளவு மூன்றும் எழுதிய பில் வாங்குங்கள். சரக்கு வாகனமாக இருந்து, நாம் காம்போசிஷன் திட்டத்தில் இல்லாவிட்டால், பழுதுச் செலவின் ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம்.

வண்டியைத் திரும்ப எடுக்கும் முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தேய்மானத்துக்குப் பெரும்பாலும் காரணம் அதன் வழியே புகுந்த தூசிதான். கிழிந்த ஃபில்டரோடு ஓட்டினால் முலாமும் நிற்காது, ஸ்லீவும் நிற்காது. முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாதிப் பாரம் மட்டும் ஏற்றுங்கள்.