முப்பதாயிரம் ரூபாய்க்கு எந்த லேப்டாப்?

கல்லூரி அட்மிஷன் முடிந்த கையோடு வந்து நிற்கிற அடுத்த செலவு லேப்டாப். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வருகிற பெற்றோர் பலரிடம் இருப்பது முப்பதாயிரம் ரூபாய், மிஞ்சினால் இன்னும் இரண்டாயிரம். அந்தப் பணத்துக்குக் கடைக்காரர் இரண்டு சாமான்களை மேஜைமேல் எடுத்து வைப்பார். ஒன்று, சீல் பிரிக்காத அட்டைப்பெட்டியில் புது மெஷின். மற்றொன்று, ஏதோ ஒரு கம்பெனியில் மூன்று நான்கு வருஷம் உழைத்துவிட்டு வந்த கறுப்பு திங்க்பேட். டெல் லாட்டிட்யூடாகவோ எச்பி எலைட்புக்காகவோ இருக்கலாம். அப்பாவின் கை தானாகப் புதுசின் பக்கம் போகும். இந்த விலைக்கு என் ஓட்டு பழசுக்குத்தான்.

இந்த விலையில் புது லேப்டாப் விற்க வேண்டுமானால் கம்பெனி எங்காவது கை வைத்தே ஆக வேண்டும். செலரான் மாதிரி அடிமட்ட புராசஸர், போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த ரேம், பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மங்கிப்போகும் ஸ்கிரீன், பிளாஸ்டிக் உடம்பு. சிலவற்றில் எஸ்எஸ்டிகூட இல்லை. 64 ஜிபி இஎம்எம்சிதான். விண்டோஸ் பெரிய அப்டேட் ஒன்று வந்தாலே இடம் போதாது என்று அழும். போதாக்குறைக்கு ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை வேறு ஏறிக்கிடக்கிறது. மலிவு மெஷினில் இன்னும் எதைக் குறைக்கலாம் என்றுதான் யோசிப்பார்கள்.

அலுவலக மெஷின் வேறு சாதி. அது பிறந்தபோது அதன் விலை இதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. கெட்டால் கம்பெனியின் சர்வீஸ் ஆள் சட்டென்று திறந்து சரிசெய்ய வேண்டும் என்றே செய்தது. 2018இல் வந்த லெனோவோவின் திங்க்பேட் டி480ஐ எடுத்துக்கொள்வோம். அடிமூடியின் திருகுகளைத் தளர்த்தினால் இரண்டு ரேம் ஸ்லாட்டும் கண்ணுக்குத் தெரியும். டிஸ்க்கை நாமே மாற்றலாம். பேட்டரி இரண்டு: ஒன்று உள்ளே, மற்றொன்று பின்பக்கம் கழற்றி மாட்டுகிற மாதிரி. வெளி பேட்டரியை உருவி வேறொன்றைச் செருகும்போதுகூட உள் பேட்டரி தாங்கிக்கொள்வதால் மெஷின் அணையாது. இதைப் பிரித்துப் பூட்டுவது எப்படி என்ற கையேட்டை லெனோவோவே பொதுவில் வைத்திருக்கிறது. எந்த முப்பதாயிரம் ரூபாய்ப் புது லேப்டாப்பில் இவ்வளவும் கிடைக்கும்?

ஆனால் ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒரே தரமில்லை. லீஸ் முடிந்து மொத்தமாக வந்த மெஷினைச் சோதித்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, வாரண்டியோடு தருகிறவர்கள் இருக்கிறார்கள். துணியால் துடைத்து, மேலே புது ஸ்டிக்கர் ஒட்டி, ‘ஏ கிரேடு’ என்று அடித்துவிடுகிறவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். அந்த ‘ஏ’யைப் போடுவது கடைக்காரரேதான்.

முதல் தூண்டில் ‘ஐ5’. “ஐ5 சார், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க” என்பார்கள். கண்ணைத் திறந்து, கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். ஐ5-6300யூ என்றால் 6ஆம் தலைமுறை, 2015இன் சரக்கு, இரண்டே கோர். ஐ3-1215யூ என்றால் 12ஆம் தலைமுறை, ஆறு கோர். பெயரில் சின்னதான அந்த ஐ3, பழைய ஐ5ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். (ஆஃபர் சமயத்தில் 12ஆம் தலைமுறை ஐ3 புது மெஷினே கையிலிருக்கும் பணத்துக்குப் படிந்தால், நான் இதுவரை சொன்னதை மறந்துவிட்டு அதை வாங்கிவிடலாம்.)

இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11 அதற்குக் கீழே உள்ளவற்றை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 6, 7ஆம் தலைமுறை மெஷின்கள் மலிவாகக் கிடைப்பதன் காரணம் இதுதான். குறுக்கு வழியில் 11ஐ ஏற்றித் தருகிறேன் என்பார் கடைக்காரர். ஏற்றலாம், ஓடும், அப்டேட் தொடர்ந்து வருமா என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. லினக்ஸ் போடத் தெரிந்த பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை.

பழைய பைக் வாங்கப் போனால் கிளப்பி, சத்தம் கேட்டு, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்காமல் யாரும் காசு கொடுப்பதில்லை. லேப்டாப்புக்கும் கடையிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். முக்கியமான சோதனை, மெஷினை ரீசெட் போட்டு வைஃபையில் சேர்த்துப் பார்ப்பது. பழைய கம்பெனி தன் பட்டியலிலிருந்து அந்த மெஷினை நீக்கியிராவிட்டால், இன்டர்நெட் கிடைத்ததும் அந்தக் கம்பெனியின் பெயரோடு ஒரு திரை வந்து அலுவலக மெயில் ஐடி கேட்டு நிற்கும். இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸ் ஏற்றி இதை மறைத்து விற்பது உண்டு; பிறகு என்றைக்காவது நீங்கள் ரீசெட் போடும்போதுதான் பூதம் கிளம்பும். பயாஸுக்குள் நுழையும்போது பாஸ்வேர்டு கேட்டாலும் வேண்டாம். “அது தேவைப்படாது சார்” என்பது பதிலே அல்ல.

பேட்டரி ரிப்போர்ட் எடுக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. கடைப் பையனிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்புகிற அளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாதிக்குப் பாதி இறங்கியிருந்தால் புது பேட்டரிக் காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் திரையைப் போட்டு ஸ்கிரீனில் அழுத்தத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். கீல், சார்ஜர் முனை, எல்லா யூஎஸ்பி துளைகளும் நிமிட வேலை.

ஆப்பிள் ஆசை இருந்தால் இன்டெல் மேக்புக்கைத் தொடாதீர்கள். மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று ஆப்பிளே 2025இல் அறிவித்துவிட்டது. 2020இல் வந்த எம்1 மெஷின் பரவாயில்லை. ஆனால் ரேமைக் கூட்ட முடியாது, பழைய உரிமையாளரின் ஆக்டிவேஷன் லாக்கும் நீங்கியிருக்க வேண்டும்.

கையில் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்தால் பழசைத் தேடி அலைய வேண்டியதில்லை. மெக்கானிக்கல், ஆர்க்கிடெக்சர் படிக்கிறவர்களுக்கும், வீடியோ எடிட்டிங், கேம் என்று தனி கிராபிக்ஸ் சிப் கேட்கிறவர்களுக்கும் புதுசுதான் சரி. ஊரில் சர்வீஸ் கடையே இல்லை, பழுது என்றால் இருநூறு கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டும் என்கிறவர்களுக்கும் அப்படித்தான்.

பழசென்று முடிவெடுத்தால் பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். மெஷினுக்கு அடியில் இருக்கும் சீரியல் நம்பர், வாரண்டி எத்தனை மாதம், அதில் பேட்டரி சேருமா என்று மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவால் கிறுக்கித் தருவதை வாரண்டி என்று யாரும் மதிக்க மாட்டார்கள். எழுதிக்கொடுத்த கடைக்காரரே மதிக்க மாட்டார்.