முயலுக்கு வேண்டியது கரட்டா, புல்லா?

வீட்டில் வளர்க்கும் செல்லப் பிராணிகளின் வரிசையில் பூனை, கிளி, மீன் என்பவற்றோடு இன்று முயலும் சேர்ந்துவிட்டது. பெருநாள் காசைச் சேர்த்து வைத்து, முயல் வாங்கித் தரும்படி வாப்பாவிடம் அடம்பிடிக்கும் பிள்ளைகள் பல வீடுகளில் உண்டு. பஞ்சு போன்ற உரோமம், நீண்ட காது, சத்தமே போடாத சுபாவம். எவருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ஆசையாக வாங்கி வந்த முயல் சில வாரங்களுக்குள் வயிறு ஊதியோ வயிற்றோட்டம் கண்டோ இறந்துபோவதும் உண்டு. "முயல் என்றாலே அப்படித்தான், கனகாலம் நிற்காது" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். உண்மை அதுவல்ல. முறையாகப் பராமரித்தால் வீட்டு முயல் 8 முதல் 10 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. அதன் ஆயுளைக் குறைப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று நாம் கொடுக்கும் உணவு. மற்றையது நாம் போட்டுக்கொடுக்கும் படுக்கை. இவ்விரண்டையும் சரியாகச் செய்ய, முதலில் முயலின் உடலை அறிந்துகொள்ள வேண்டும்.

முயலின் பூர்வீகம்

நமது பற்றைக் காடுகளில் ஓடித்திரியும் கருங்கழுத்து முயலும் கூட்டில் வளர்க்கும் முயலும் ஒன்றல்ல. கூட்டு முயலின் விஞ்ஞானப் பெயர் ஒரிக்டோலாகஸ் கியூனிகுலஸ். அதன் பூர்வீகம் ஸ்பெயினும் போர்த்துக்கலும் அமைந்துள்ள ஐபீரியத் தீபகற்பம். நமது காட்டு முயலின் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்களோடும் நிலத்தின் மேலேயே பிறக்கும். கூட்டு முயலின் குட்டியோ உரோமமின்றி, கண்மூடிய நிலையில், நிலத்தடி வளையில் தாய் தன் உரோமத்தைப் பிடுங்கி அமைத்த மெத்தையில் பிறக்கும். ஆகவே நாம் வளர்ப்பது, பகலில் குளிர்ந்த வளைக்குள் ஒதுங்கி, அந்தியிலும் விடியலிலும் வெளியே வந்து புல் மேய்ந்த ஒரு பிராணியின் வழித்தோன்றலை. அதன் பல், குடல், பாதம் எல்லாம் அந்த வாழ்க்கைக்கே அமைந்தவை.

பல்லும் குடலும்

முயலுக்கு 28 பற்கள். அவை அனைத்தும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்னிருக்கும் வெட்டும் பற்கள் மாத்திரம் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீற்றர் வளரும். புல்லை மணிக்கணக்கில் அரைக்கும்போது அவை தேய்ந்து அளவோடு நிற்கும். மென்மையான உணவை மட்டும் உண்ணும் முயலின் கடைவாய்ப் பற்கள் தேயாமல் கூராகி, நாக்கையும் கன்னத்தையும் குத்திக் காயப்படுத்தும். அதன்பின் பசி இருந்தும் அதனால் உண்ண முடியாது.

அடுத்தது குடல். முயலின் குருட்டுக்குடல் மிகப் பெரியது. உணவுக் கால்வாயின் கொள்ளளவில் ஏறத்தாழ 40 சதவீதம் அதற்கே உரியது. அங்கு வாழும் நுண்ணங்கிகள், முயலால் தானாகச் சமிபாடு செய்ய முடியாத செலுலோசை நொதிக்கச் செய்கின்றன. இதன் பயனாக, சிறு திராட்சைக் குலை போன்ற மென்மையான எச்சம் ஒன்று உருவாகிறது. முயல் அதனைக் குனிந்து நேரடியாக வாயால் எடுத்து விழுங்கிவிடும். பலர் இதைப் பார்த்து அருவருத்து, முயலுக்கு ஏதோ நோய் என எண்ணுவர். உண்மையில் புரதமும் பீ வகை விற்றமின்களும் அதற்குக் கிடைக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று. நாம் தினமும் கூட்டிப் பெருக்கும் வட்டமான உலர்ந்த உருண்டைகள் வேறு வகை.

இந்தக் குடலை இயக்குவது நார்ப்பொருள். பாண், பிஸ்கட், சோறு போன்ற மாப்பொருள் உணவு அதிகம் சென்றால் நன்மை செய்யும் நுண்ணங்கிகள் குறைந்து, தீங்கு விளைவிக்கும் பற்றீரியாக்கள் பெருகி, வாயு நிரம்பி, குடல் அசைவு நின்றுவிடும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஒரு பிஸ்கட் துண்டு நமக்குச் சிறிதாகத் தோன்றினாலும் முயலின் குடலுக்கு அது சிறிதல்ல.

தினமும் என்ன கொடுப்பது?

உணவில் நூற்றுக்கு 80 பங்குக்குக் குறையாமல் புல் அல்லது உலர்புல் இருக்க வேண்டும். முயலின் உடலளவு பருமனான ஒரு குவியல் புல் ஒரு நாளைக்குத் தேவை எனக் கணக்கிடலாம். வெளிநாட்டிலிருந்து வரும் திமோத்தி உலர்புல்லை எல்லோராலும் வாங்க முடியாது. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. நமது ஊர்களில் தாராளமாக வளரும் கினிப்புல்லை வெட்டி, கழுவி, நீர் வடியவிட்டுக் கொடுக்கலாம். வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சேமித்தும் வைக்கலாம். களைநாசினி தெளித்த இடத்திலும், வாகனப் புகை படியும் வீதியோரத்திலும், நாய்கள் நடமாடும் இடத்திலும் வெட்டக் கூடாது. குவித்து வைத்ததால் சூடேறிய புல்லும் பூஞ்சணம் பிடித்த புல்லும் ஆகவே ஆகாது.

புல்லுக்கு அடுத்தபடியாக ஒரு கைப்பிடி கீரை. வல்லாரை, மல்லி இலை, கரட்டின் மேலிருக்கும் இலை போன்றவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். கோவா அதிகமானால் வாயு உண்டாகலாம். கடையில் விற்கும் முயல் பெலட், உடல் நிறை கிலோகிராம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் போதும். வெங்காயம், பூடு, அவகாடோ, சொக்லட் என்பன முயலுக்கு நஞ்சு.

அப்படியானால் கரட்? முயலையும் கரட்டையும் இணைபிரியாத சோடியாக நம் மனதில் பதித்ததில் 1940 முதல் திரையில் கரட்டைக் கடித்துக்கொண்டு வரும் பக்ஸ் பனி என்ற கார்ட்டூன் முயலுக்குப் பெரும் பங்குண்டு. 100 கிராம் கரட்டில் சுமார் 5 கிராம் சீனி இருக்கிறது. நமக்கு அது நல்ல மரக்கறி. முயலுக்கு அது இனிப்புப் பண்டம். வாரத்தில் ஓரிரு நாள் விரல் நுனியளவு துண்டொன்று கொடுத்தால் தாராளம். பழங்களுக்கும் இதே அளவுதான்.

நீர் எப்போதும் இருக்க வேண்டும். "முயலுக்குத் தண்ணீர் வைத்தால் செத்துவிடும்" என்று சிலர் நம்புகிறார்கள். ஆனால் கிலோகிராம் ஒன்றுக்கு 50 முதல் 150 மில்லிலீற்றர் வரை நீர் அதற்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும். மற்றொரு விடயம், எந்த உணவையும் திடீரென மாற்றக் கூடாது. புதிய உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஒரு வாரம், பத்து நாட்களில் பழக்க வேண்டும். புதிதாக வாங்கி வந்த குட்டிக்கு, விற்றவர் கொடுத்துவந்த உணவு எதுவெனக் கேட்டறிந்து அதிலிருந்தே மாற்றத்தைத் தொடங்குவது நல்லது.

படுக்கை

பூனையின் பாதத்தில் உள்ளது போன்ற மெத்தைத் தசை முயலின் பாதத்தில் இல்லை. உரோமம் மட்டுமே உண்டு. எனவே கம்பிவலைத் தளத்தில் நாள் முழுவதும் நிற்கும் முயலின் பாத உரோமம் தேய்ந்து, தோல் சிவந்து, புண்ணாகிவிடும். கூட்டின் தளம் கம்பியாக இருந்தால் அதன்மேல் பலகை அல்லது தடித்த காட்போட் மட்டை இட்டு, அதற்குமேல் படுக்கை போட வேண்டும்.

சிறந்த படுக்கை நன்றாக உலர்ந்த வைக்கோல் அல்லது புல். அடியில் பத்திரிகைத் தாள் விரித்து அதன்மேல் நான்கு விரல் உயரத்துக்கு இதனைப் பரப்பலாம். மர ஆலையிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறதே என்று மரத்தூளைக் கொட்டுவது பொதுவான வழக்கம். நுண்ணிய தூள் மூக்கிலும் கண்ணிலும் புகுந்து உறுத்தும். பைன் போன்ற மணமுள்ள மரங்களின் தூளிலிருந்து வெளிவரும் ஆவி ஈரலையும் பாதிக்கக்கூடும்.

படுக்கையின் முதல் எதிரி ஈரம். சிறுநீர் தேங்கினால் அமோனியா வாயு உண்டாகும். முயலின் மூக்கு நம்முடையதைவிட நிலத்துக்கு மிக அருகில் இருப்பதால், நமக்கு மணக்கத் தொடங்கும் முன்னரே அது அந்த வாயுவைச் சுவாசிக்கத் தொடங்கிவிடும். தும்மலும் மூக்குச் சளியும் இவ்வாறே ஆரம்பமாகின்றன. அதைவிடக் கொடியது, நனைந்த உரோமத்தில் ஈக்கள் முட்டையிடுவது. ஒரே நாளில் அவை பொரித்துப் புழுக்களாகி, உயிரோடிருக்கும் முயலின் சதையையே தின்னத் தொடங்கும். ஆகவே நனைந்த பகுதியைத் தினமும் அகற்ற வேண்டும். வாரம் ஒருமுறை முழுப் படுக்கையையும் மாற்ற வேண்டும்.

இதற்கு முயலே நமக்கு உதவுகிறது. பெரும்பாலான முயல்கள் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அந்த மூலையில் ஒரு தட்டை வைத்து, பக்கத்திலேயே புல்லையும் வைத்தால் அங்கேயே பழகிக்கொள்ளும். அதன்பின் தட்டைச் சுத்தம் செய்வது ஐந்து நிமிட வேலை.

நமது நாட்டின் வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. முயல் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே இழக்கிறது. 30 பாகை செல்சியஸைத் தாண்டும் நாட்களில் கூடு நிழலிலும் காற்றோட்டத்திலும் இருக்க வேண்டும். ஒரு தரை ஓட்டைக் கூட்டுக்குள் வைத்தால் அதன்மேல் படுத்துக் குளிர்ந்துகொள்ளும். வெக்கை என்று முயலைக் குளிப்பாட்டவே கூடாது. நீரில் இறக்கினால் அது கடுமையாக அஞ்சும். நனைந்த உரோமம் காயவும் நெடுநேரம் எடுக்கும்.

கவனிக்க வேண்டிய அறிகுறி

இரையாகும் பிராணிகள் தம் நோயை மறைக்கும் இயல்புள்ளவை. முயலும் அப்படித்தான். அது முனகாது, கத்தாது. எனவே காலையும் மாலையும் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். புல் குறைந்திருக்கிறதா? உருண்டைகள் விழுந்திருக்கின்றனவா? 12 மணித்தியாலமாக உண்ணவில்லை என்றாலோ, உருண்டைகள் விழவில்லை என்றாலோ அது அவசர நிலை. நாளை பார்ப்போம் என்று இருந்துவிடாமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

பூனையொன்றைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தானாகத் தேடி உண்ணவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் எல்லோரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். வெளியே திரியும் பிராணி தனக்கு ஒவ்வாததை விட்டு வேறொன்றைத் தேடிக்கொள்ளும். கூட்டிலிருக்கும் முயலுக்கு அந்த வாய்ப்பில்லை. நாம் வைப்பதைத்தான் அது உண்ண வேண்டும், நாம் விரித்ததில்தான் அது படுக்க வேண்டும். எனவே தோழியரே, உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ முயல் கேட்டால், கூட்டுக்கு விலை பேசும் முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: தினமும் ஒரு குவியல் புல் வெட்டிவர யார் தயார்? அதற்குப் பதில் கிடைத்த பின்னர் முயலை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.